25,000 மைல் நடந்த பெண்ணும் நமது தோட்டப் பாதையும்

(ஸ்ரீமதுரையில் நடந்த தோட்டப் பெண் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச மற்றத் தோழர்கள் வந்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பேசப் போவது நடப்பதைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சரிதான். விடிவதற்கு முன் லைன் வீட்டை விட்டுக் கிளம்பி, பொழுது சாயும்போது விறகுக் கட்டோடு திரும்புகிற உங்களிடம் நடப்பதைப் பற்றி ஒருத்தி பேச வந்தால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் கேளுங்கள். ஒரு பெண் தன்னந்தனியாக 25,000 மைல் நடந்த கதை இது. பூமியை ஒரு முறை சுற்றி வந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். கட்டுக்கதை அல்ல, நடந்த சம்பவம்.

அவள் பிறந்தது 1908-ல், அமெரிக்காவில், நியூஜெர்சி மாகாணத்தில். கோழி வளர்த்துப் பிழைத்த குடும்பம். பெற்றவர்கள் வைத்த பெயர் மில்ட்ரெட் நார்மன். ஆனால் அந்தப் பெயரை அவள் 1953-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு கழற்றி வைத்துவிட்டாள். அதன்பிறகு யார் கேட்டாலும் அவள் சொன்ன பெயர் ஒன்றே. சமாதான யாத்ரீகர். வயதைக் கேட்டாலும் சொல்லமாட்டாள். அன்று அவளுக்கு 44 வயது.

1953-ஆம் வருஷம் அமெரிக்கா எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கொரியாவில் யுத்தம். குக்கிராமங்கள் கூட விமானக் குண்டுக்குத் தப்பவில்லை. உள்நாட்டிலோ மக்கார்த்தி என்ற செனட்டரின் ராஜ்யம். 'சமாதானம்' என்று ஒருவன் வாய் திறந்தால் அவனுக்கு மாஸ்கோவிலிருந்து பணம் வருகிறதா என்று விசாரணை! அணுகுண்டைத் தடை செய்யக் கோரிய ஸ்டாக்ஹோம் விண்ணப்பத்தைப் பரப்பியதற்காக, 80 வயது தாண்டிய கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸை 1951-ல் கூண்டில் ஏற்றினார்கள். வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார். ஆனாலும் பின்னர் அவருடைய பாஸ்போர்ட்டைப் பல வருஷம் முடக்கி வைத்தார்கள். படித்தவர்களும் பேராசிரியர்களும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் காலத்தில் இந்தப் பெண் என்ன செய்தாள்? கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊர். புத்தாண்டு தினத்தன்று அங்கே மலர் ரதங்களின் ஊர்வலம் நடக்கும். வேடிக்கை பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஊடே நீலச் சட்டை போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். சட்டையின் முன்பக்கம் 'சமாதான யாத்ரீகர்' என்று எழுதியிருந்தது. முதுகுப் பக்கம், சமாதானத்துக்காக ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு நடக்கிறேன் என்று எழுதியிருந்தது. கையில் மகஜர்கள். கொரியாவில் சமாதானம் வேண்டும் என்று ஒன்று. சர்க்காரில் யுத்தத்துக்கு இலாகா இருப்பதுபோலச் சமாதானத்துக்கும் ஓர் இலாகா வேண்டும் என்று ஒன்று. உலகம் முழுவதும் ஆயுதத்தைக் கைவிட வேண்டும் என்று இன்னொன்று.

சாமான் என்ன எடுத்துக்கொண்டாள் தெரியுமா? சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ், ஒரு பேனா, கொஞ்சம் துண்டுப் பிரசுரம். எல்லாம் சட்டைப் பைக்குள் அடக்கம். காசு இல்லை, யாராவது கொடுத்தாலும் வாங்குவதில்லை. யாராவது இடம் கொடுக்கும் வரை நடப்பது, யாராவது சோறு கொடுக்கும் வரை பட்டினி கிடப்பது. இதுதான் அவள் வைத்துக்கொண்ட விரதம். நாளொன்றுக்கு 25 மைல் என்பது அவளுக்குச் சாதாரணம். கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் என்று உங்களுக்குத் தெரியும். அதில் 40 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்து, மறுநாளும் அவ்வளவு, அதற்கு மறுநாளும் அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைக்காத ராத்திரிகளில் வயல்வெளியில் படுத்தாள், பஸ் நிலையத்தில் படுத்தாள், சுடுகாட்டிலும் படுத்திருக்கிறாள். போலீசார் நாடோடி என்று பிடித்துக் காவலில் வைத்ததும் உண்டு. அந்த வருஷம் முடிவதற்குள் நியூயார்க் போய்ச் சேர்ந்தாள். அவள் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூலை 27-ல், கொரியாவில் போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. அவள் நடந்ததால் ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. கொரிய மக்களின் போராட்டமும் உலக மக்களின் குரலும் சேர்ந்து அதைச் செய்தன. அந்தக் குரலில் இவளுடைய காலடி ஓசையும் உண்டு, அவ்வளவுதான்.

இதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மறுபடி நடந்தாள். வியட்நாம் யுத்தம் வந்தது, அப்போதும் நடந்தாள். 1964-ல் 25,000 மைல் நிறைந்தது. அத்துடன் எண்ணுவதை நிறுத்தினாள், நடப்பதை நிறுத்தவில்லை. 1981 ஜூலையில் இண்டியானா மாகாணத்தில் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக யாரோ காரில் அழைத்துப் போனார்கள். எதிரே வந்த கார் மோதி இறந்துபோனாள். 28 வருஷம் சாலையில் நடந்த பெண், காரில் ஏறிய நாளில் சாலையில் மாண்டாள்.

அவளுடைய கருத்துக்கள் எல்லாம் நமக்கு உடன்பாடா என்றால், இல்லை. ஒவ்வொருவரும் மனதுக்குள் சமாதானத்தைத் தேடிக்கொண்டால் உலகத்தில் சமாதானம் வந்துவிடும் என்று அவள் நம்பினாள். ஆயுதத் தொழிற்சாலை முதலாளிக்கு மனதுக்குள் நல்ல சமாதானம் இருக்கிறது, அவன் ராத்திரி நன்றாகத் தூங்குகிறான்! அவனுடைய லாபக் கணக்கை அல்லவா கலைக்க வேண்டும்? அந்த விவாதம் இன்று வேண்டாம். அவள் நடந்ததிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு இருக்கிறது.

தனியாக நடந்தாள் என்கிறோம். நிஜமாகவே தனியாகவா நடந்தாள்? காசில்லாமல், கேட்காமல், 28 வருஷம் எப்படிச் சாப்பிட்டாள்? யாரோ கதவைத் திறந்தார்கள், கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், ஒரு தட்டு சோற்றை அவள் பக்கம் தள்ளினார்கள். சமாதானம் என்ற வார்த்தையே துரோகம் என்று பத்திரிகைகள் கத்திக்கொண்டிருந்த நாட்டில், முதுகில் அதே வார்த்தையை எழுதிக்கொண்டு வந்த பெண்ணுக்கு ஜனங்கள் சோறு போட்டார்கள். எத்தனை வீடு, எத்தனை கதவு! அந்தக் கதவுகள் திறக்காமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே யாத்திரை முடிந்திருக்கும். தனி ஆளின் வீரத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கதவுகளை எண்ணுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அவள் வெள்ளைக்காரி. அதே 1953-ல், அதே நாட்டின் தெற்கு மாகாணங்களில், ஒரு நீக்ரோப் பெண், அன்று அப்படித்தான் அவர்களை அழைத்தார்கள், ராத்திரி நேரத்தில் முன்பின் தெரியாத சாலையில் நடக்க முடியுமா? அவள் நடந்த கதை வேறு மாதிரி. 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி என்ற நகரத்தில், தையல் வேலை செய்த ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளைக்காரனுக்கு இடம்விட மறுத்தார். கைது செய்தார்கள். ஊரிலுள்ள கறுப்பு மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்தார்கள். பஸ்ஸில் பெரும்பாலும் போனவர்கள் யார்? வெள்ளைக்கார வீடுகளில் சமைக்கவும் துணி துவைக்கவும் போன ஏழைப் பெண்கள். கிடைத்த கார்களில் ஏறினார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். மழையிலும் நடந்தார்கள். 381 நாள்! கடைசியில் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, பஸ்ஸில் நிறவெறி ஒழிந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டிலிருந்து வேலை செய்யும் வீட்டுக்குத் தனியாகத்தான் நடந்திருப்பாள். ஆனால் அன்று அந்த நகரத்தில் யாரும் தனியாக நடக்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு பெண் சமீபத்தில் நடந்தாள். சிருஷ்டி பக்ஷி என்பது பெயர். ஹாங்காங்கில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். 2016-ல் உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷஹர் பக்கம் நெடுஞ்சாலையில் காரை மறித்து ஒரு தாயையும் மகளையும் நாசம் செய்த கொடுமையைக் கேட்டு மனம் பொறுக்காமல் வேலையை விட்டார். 2018-ல் நமது கன்னியாகுமரியில் புறப்பட்டு, 12 மாநிலங்களைக் கடந்து, 2019 ஏப்ரலில் ஸ்ரீநகர் சேர்ந்தார். 3,800 கிலோமீட்டர். வழி நெடுகப் பெண்களைக் கூட்டிப் பேசினார். அவருக்குப் பின்னால் வண்டி வந்தது, உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஒரு பெண் நெடுஞ்சாலையில் நடக்கப் பின்னால் ஒரு வண்டி தேவைப்படுகிறது என்றால், வெட்கப்பட வேண்டியது சாலை.

நம் இலக்கியத்திலும் ஒருத்தி நடந்திருக்கிறாள். மதுரை எரிந்தபின் கண்ணகி மேற்கே திரும்பித் தனியாக நடந்தாள். 14 நாள் கழித்து மலையில் வேங்கை மரத்தடியில் நின்ற அவளை முதலில் கண்டவர்கள் யார்? மலைக் குறவர்கள். ராஜாக்களுக்கு அப்புறந்தான் தெரிந்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், இளங்கோவடிகள் நாளை எண்ணியிருக்கிறார். 14 நாள் என்று கணக்குச் சொல்கிறார்.

கணக்கைப் பற்றித்தான் நான் பேச வந்தேன், தாய்மார்களே.

உங்களில் பலர் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, இங்கே இத்தனை லட்சம், அங்கே இத்தனை லட்சம் என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்களே, அந்தக் கணக்கில் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களுக்கு வேலை கொடுக்க என்று 1968-ல் சர்க்கார் தேயிலைத் தோட்டத் திட்டம் ஆரம்பித்தது, 1976-ல் அது டான்டீ கழகம் ஆயிற்று. அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் உங்கள் பாட்டிக்குப் பாட்டி எப்படிச் சிலோன் போனாள்? ராமநாதபுரம் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் காட்டு வழியே நடந்தாள். காப்பித் தோட்டத்துக் காலம் அது. ரயில் கிடையாது, தண்ணீர் கிடையாது. காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அவள் எத்தனை மைல் நடந்தாள் என்று எந்தத் துரையாவது எழுதி வைத்தானா? இல்லை. ஆனால் ஒன்றை எழுதினார்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தை எழுதினார்கள். துண்டு என்று அதற்குப் பெயர். அந்தக் கடன் தீராமல் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல் தான் துண்டு முறையை ஒழித்தார்கள். நடந்த தூரம் அவள் கணக்கில் வரவில்லை, கடன் மட்டும் வந்தது.

இன்று நம் கணக்கு என்ன? லைன் வீட்டிலிருந்து பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்கு, அங்கிருந்து கொழுந்து பறிக்கும் மலைக்கு. போக இரண்டு மைல், வர இரண்டு மைல் என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைவாக நடப்பவர்களும் இருப்பீர்கள், அதிகம் நடப்பவர்களும் இருப்பீர்கள். வருஷத்தில் 280 நாள் வேலை. 30 வருஷ உழைப்பு. பெருக்கிப் பாருங்கள். 33,600 மைல்! அமெரிக்காவில் அந்த அம்மாள் எண்ணியது 25,000. கூடையைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்குவதை இதில் சேர்க்கவில்லை. விறகுக்கும் தண்ணீருக்கும் நடந்ததைச் சேர்க்கவில்லை. ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்ததைச் சேர்க்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த மைலுக்கு இரட்டைக் கணக்குப் போடவும் இல்லை.

உங்கள் முதுகில் யாரும் எதுவும் எழுதவில்லை. அதனால் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம், போராடிப் பெற்ற சட்டம், இரவு 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் சர்க்கார் அனுமதி இல்லாமல் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று சொன்னது. நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தின் கடிகாரம் எங்கே ஓட ஆரம்பித்தது? பிரட்டில். பிரட்டுக்கு வந்து சேர 5 மணிக்கு இருட்டில் கிளம்புகிறாளே, அந்த ஒரு மணி நேரம் யாருடையது? முதலாளியுடையது அல்ல, சர்க்காருடையது அல்ல. அவளுடைய சொந்தப் பொறுப்பு! 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்து அந்தப் பழைய சட்டத்தையும் அதில் கரைத்துவிட்டார்கள். பெண்ணின் சம்மதத்தோடு, பாதுகாப்பு நிபந்தனைகளோடு, ராத்திரியிலும் வேலை வாங்கலாம் என்கிறது புதியது. கங்காணி முன்னால் நின்றுகொண்டு ஒரு தொழிலாளிப் பெண் கொடுக்கும் சம்மதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நமக்குப் பிடிமானம் ஒன்று கிடைத்திருக்கிறது. மராட்டியத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-ல் அதிகாலை ஷிப்டுக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தார். வேலை இடத்துக்கு வந்து சேரவில்லையே, நஷ்ட ஈடு எதற்கு என்று வாதாடினார்கள். அவருடைய குடும்பம் 22 வருஷம் வழக்கு நடத்தியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நேரும் விபத்துக்கும் வேலைக்கும் நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் தொடர்பு இருந்தால், அது வேலையில் நேர்ந்த விபத்துத்தான். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே இதைச் சேர்த்தார்கள். அந்த விதவை விடாப்பிடியாக நின்றதால் மற்றத் தொழிலாளிக்கும் வழி பிறந்தது. ஆகவே, அந்த ஒரு மணி நேரம் உங்கள் சொந்தப் பொறுப்பு என்று இனி யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கு நடக்கும் நடை வேலையைச் சேர்ந்தது.

இந்த ஸ்ரீமதுரைக்கு அடுத்தாற்போல் முதுமலைக் காடு. யானை வரத்தான் செய்யும். அது காலகாலமாகப் போய்வந்த வழி, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காட்டை வெட்டித் தோட்டமாக்கி லாபம் எடுத்தவர்கள் பங்களாவில் இருக்கிறார்கள், தேயிலைச் செடிக்கு நடுவே யானைக்கு நேரே போய் நிற்பவள் கொழுந்து பறிக்கிறவள். வால்பாறை மலையில் யானை அருகே நிற்கிறது என்றால் சிவப்பு விளக்கு எரிகிறது, கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. பத்து வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. அங்கே முடிந்தது நம்முடைய ஒவ்வொரு லைனுக்கும் ஏன் முடியாது?

பாதை விளக்கைக் கேட்டால், நிலத் தகராறு என்கிறார்கள். 1969-ல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. கூடலூர் ஜன்மி நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், உழுதவனுக்குப் பட்டா கிடைக்கும் என்று நம்பினோம். பெரிய தோட்டங்கள் கோர்ட்டுக்குப் போயின. 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் குடியிருந்த ஏழை ஜனங்கள் ஒரு மின் இணைப்புக்காக வருஷக் கணக்கில் அலைந்தார்கள். வழக்கு சென்னையிலும் டில்லியிலும், இருட்டு மட்டும் இங்கே! பட்டா யாருக்கு என்பதை நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் சொல்லட்டும். பாதையில் ஒரு விளக்குப் போடுவதால் யாருக்கும் பட்டா கிடைத்துவிடாது.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-ல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். மலைப் பகுதிக்கு அது வர 2024 ஆயிற்று. வரவேற்கிறோம். ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தும் பஸ் பெரிய ரோட்டோடு போய்விட்டால், லைனிலிருந்து பெரிய ரோடு வரை நடப்பது யார்? பிரட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு டிரிப், வேலை விடும் நேரத்துக்கு ஒரு டிரிப். இதுதான் கோரிக்கை.

பழங்குடி வீடுகளிலிருந்து வந்திருக்கும் பெண்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் இல்லாத நாள் கூலிக்கு வருகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் தூரம் அதிகம், காட்டு ஓரமும் உங்களுக்குத்தான். பெயர் இல்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பாதை எல்லோருக்கும் ஒன்று.

அந்த அமெரிக்கப் பெண் கையில் மகஜர் வைத்திருந்தாள் என்று சொன்னேன். நாமும் ஒன்று தயாரிக்கிறோம். கலெக்டருக்கு ஒரு பிரதி, தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு பிரதி, வன இலாகாவுக்கு ஒரு பிரதி. அதில் வெறும் கோரிக்கை மட்டும் இருந்தால் குப்பைக் கூடைக்குப் போகும். கணக்கு இருக்க வேண்டும். நான்கு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருக்கிறேன். எந்த லைன், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், பிரட்டுக்கு எவ்வளவு தூரம், எந்த வளைவில் இருட்டு, எந்த ஓடையில் பாலம் இல்லை, எங்கே யானை தாண்டுகிறது, எங்கே குடிகாரன் நிற்கிறான், எல்லாவற்றையும் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.